வெஸ்பா பி.எக்ஸ்., எல்.எம்.எல். என்.வி. இன்ஜினை 177 சி.சி.யாகக் கோர்ப்பது: முழுமையான வழிகாட்டி

பழைய ஸ்கூட்டரைப் புதுப்பிக்கும்போது பெரிய போர் கிட் (பெரிய சிலிண்டர், பிஸ்டன், ரிங் கொண்ட தொகுப்பு) மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். கிட்டை மாட்டுவது அரை நாள் வேலைதான். ஆனால் அப்படி மாட்டிய வண்டிகளில் பல, சில நூறு கிலோமீட்டருக்குள் சீஸ் ஆகி (பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி) நிற்கின்றன. பழி கிட்டின் மேல் விழுகிறது. உண்மையான காரணம் பெரும்பாலும் கீழே இருக்கும்: முப்பது வருஷ ஆயில் சீல், ஆட்டம் கண்ட பேரிங், யாரும் அளந்து பார்க்காத ஹெட் இடைவெளி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட். அதனால் இந்த வழிகாட்டி கிராங்கில் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் அச்சில்) தொடங்குகிறது. போர் கிட் கடைசியில்தான் வரும்.

எந்த இன்ஜின், எவ்வளவு மாற்றம்

இங்கே சொல்வதெல்லாம் 1977-இல் இத்தாலியில் வந்த பி.எக்ஸ். வரிசையின் 150 இன்ஜினுக்கும், அதே வடிவில் கான்பூரில் தயாரான எல்.எம்.எல். வெஸ்பாவின் ரோட்டரி வால்வு (கிராங்கின் சக்கரமே கலவை வாயைத் திறந்து மூடும்) இன்ஜினுக்கும் பொருந்தும். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 57.8 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 57 மி.மீ., மொத்தம் 149.6 சி.சி. இதே ஸ்ட்ரோக்கில் போரை 63 மி.மீ. ஆக்கினால் 177.7 சி.சி. கிடைக்கும்.

எல்.எம்.எல்.லின் பிந்தைய ரீட் வால்வு (மெல்லிய தகடு திறந்து மூடும்) இன்ஜின் வேறு. அதன் கேஸிலும் (இன்ஜின் உறை) போரிலும் போர்ட் அமைப்பே மாறியிருக்கும், பி.எக்ஸ். கிட்டை அதற்கு வாங்காதீர்கள். பஜாஜ் சேத்தக் 57 மி.மீ. போர் கொண்ட 145.45 சி.சி. இன்ஜின், அதற்கும் முந்தைய வெஸ்பா வழியில் வந்தது. கேஸைக் கையில் வைத்து, டிரான்ஸ்ஃபர் போர்ட்டை (கிராங்க் அறையிலிருந்து கலவை போருக்கு ஏறும் வழி) ஒப்பிட்டுப் பார்க்காமல் அதற்குக் கிட் வாங்க வேண்டாம்.

ரோட்டில் தினமும் ஓட்ட டி.ஆர். என்ற பிராண்டின் 177 வார்ப்பிரும்பு கிட் போதும். கேஸை வெட்டாமல் உட்காரும், ஒரிஜினல் சைலன்சரோடு ஒத்துப்போகும். பொலினி பிராண்டின் 177 அதைவிட வேகம் தரும். ஆனால் அதன் முழுப் பலனும் வேண்டுமானால் கேஸின் டிரான்ஸ்ஃபர் வாயைக் கிரைண்டரால் அகலப்படுத்த வேண்டும். வெட்டிய கேஸை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. எண் பொருந்திய ஒரிஜினல் கேஸில் அதைச் செய்யாதீர்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.சி.யில் 150 சி.சி. என்று இருக்கும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது இது கேள்வியாகலாம். ரோட்டில் ஓட்டுகிற வண்டியை 150-இலேயே வைத்துக்கொள்ள நினைத்தாலும் கீழே உள்ள வேலை அத்தனையும் அப்படியே பொருந்தும். போரும் ஜெட்டும் மட்டும் மாறும்.

பிரிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிளட்ச் நட்டுக்கான பல் வைத்த சாக்கெட், மேக்னெட் (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) பிடிக்கும் கருவி, டார்க் ரெஞ்ச், ஃபில்லர் கேஜ், வெர்னியர், 2 மி.மீ. சால்டரிங் ஈயக்கம்பி, டிகிரி தகடு, ஹீட் கன். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். எம்7 ஸ்டட் அலுமினியத்தில் உட்கார்ந்திருக்கிறது. கைக்கணக்கில் இறுக்கினால் மரை உரிந்து வரும்.

உதிரி பாகங்களில் கட்டாயம் புதிதாகப் போட வேண்டியவை: கிராங்கின் இரண்டு பேரிங், இரண்டு கிராங்க் சீல், ரியர் ஹப் சீல், எல்லா பேக்கிங், பிஸ்டன் லாக், கிளட்ச் லாக் வாஷர், ஸ்பிளிட் பின், கியர் கிராஸ். மேம்பாட்டுக்கு: 63 மி.மீ. கிட், அதற்குரிய ஹெட், 15 மி.மீ. பின்னுக்கான ஸ்மால் எண்ட் (ராடின் மேல் முனை) நீடில் பேரிங், கெட்டியான கிளட்ச் ஸ்பிரிங், 22 பல் கிளட்ச் கியர், ஜெட் ஒரு செட்.

சீல் வாங்கும்போது பழுப்பு நிற விட்டான் ரப்பரைக் கேளுங்கள். இன்று பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வகை ரப்பர் அதில் ஊறி உப்பி, பிறகு இறுகிப்போகும். பெட்ரோல் டியூப், கார்ப் ஊசியின் ரப்பர் முனை இரண்டுக்கும் இதே விதி.

பிரித்தல்

ஆயிலை வடித்துவிட்டு, ஹெட், போர் (சிலிண்டர்), பிஸ்டன், மேக்னெட், ஸ்டேட்டர் பிளேட் (மேக்னெட்டுக்குள் இருக்கும் காயில் தகடு), கிளட்ச், கியர் செலக்டர் பாக்ஸ், ரியர் ஹப் என்ற வரிசையில் கழற்றுங்கள். ஸ்டேட்டரைத் தொடும் முன் பிளேட்டும் கேஸும் சேரும் இடத்தில் கூர்முனையால் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். சர்கிளிப் வைத்த மேக்னெட்டில் நட்டே புல்லர்: முதலில் தளரும், பிறகு சர்கிளிப்பில் முட்டி மறுபடி இறுகும், அப்போது மேக்னெட் தானாக வெளியே வரும். அந்த இரண்டாவது இறுக்கத்தைப் பார்த்துப் பயந்து சுத்தியலை எடுக்காதீர்கள்.

கேஸ் நட்டுகளைக் கழற்றியதும் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டிருக்கும். திருப்புளியை இடையில் செருகி நெம்பினால் சேரும் முகத்தில் பள்ளம் விழும், அந்தப் பள்ளமே நாளைக்குக் காற்றுக் கசிவு. பேரிங் இருக்கும் இடங்களைச் சுற்றி ஹீட் கன்னால் சூடாக்கி, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் பிரியும்.

கேஸை ஆராய்வது

கேஸைச் சுத்தம் செய்யக் கண்ணாடி மணி பிளாஸ்டிங் கொடுப்பது இப்போது வழக்கம். தோற்றம் அருமையாக வரும். ஆனால் ஆயில் துவாரத்திலும் ஸ்டட் குழியிலும் ஒளிந்துகொள்ளும் மணி ஒன்று வெளியே வந்தால் போதும், புது பேரிங் போய்விடும். பாதிகளைச் சேர்த்து இறுக்கி, எல்லா வாயையும் அடைத்துவிட்டுக் கொடுங்கள். திரும்பி வந்ததும் சோப்பு வெந்நீரில் கழுவி, ஒவ்வொரு துவாரத்திலும் கம்ப்ரஸர் காற்று அடியுங்கள். கேஸில் பொறித்த இன்ஜின் எண்ணை யாரும் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அழிந்தால் ஆர்.சி.யோடு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

அடுத்தது ரோட்டரி பேட். இந்த இன்ஜினின் உயிரே அதில்தான் இருக்கிறது. கார்புரேட்டரிலிருந்து கலவை இறங்கும் வாயின் இரு பக்கமும் கேஸில் வளைவான ஒரு முகம் இருக்கும். கிராங்கின் வட்டுச் சக்கரம் அதை ஒட்டிச் சுழன்று வாயைத் திறந்து மூடுகிறது. நடுவில் ரப்பரோ ரிங்கோ எதுவும் கிடையாது. ஏறத்தாழ 0.05 மி.மீ. இடைவெளியும் ஆயில் படலமும்தான் மூடி. பேரிங் ஆடிய கிராங்க் இந்த முகத்தில் உரசினாலோ, உடைந்த ரிங் துண்டு ஒன்று புகுந்து கோடு கிழித்தாலோ கலவை கார்ப் வழியே திரும்பத் துப்பும். ஸ்டார்ட்டிங் கெடும், ஸ்லோ ஸ்பீடு நிற்காது. விரல் நகத்தை முகத்தின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டும் ஆழத்துக்குக் கோடு இருந்தால் அந்தக் கேஸில் காசு போடும் முன் யோசியுங்கள். எபாக்ஸி பூசிக் கடைவது உண்டு. சூட்டிலும் பெட்ரோலிலும் அது நெடுநாள் தாங்காது.

கிராங்கை உட்கார்த்திய பின் இன்னொரு சோதனை செய்யலாம். சக்கரம் வாயை மூடியிருக்கும் நிலையில் மேலிருந்து கொஞ்சம் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் ஊற்றுங்கள். மெல்லக் கசிந்தால் சரி. ஊற்றியதும் கடகடவென்று இறங்கினால் சரியில்லை.

பேரிங் குழியையும் பாருங்கள். பழைய பேரிங் கையாலேயே கழன்று வந்தால் வெளி ரேஸ் குழிக்குள் சுற்றியிருக்கிறது. தேய்மானம் மிகக் குறைவென்றால் பேரிங் ஒட்டும் லாக்டைட் தாங்கும். அதற்கு மேல் லேத்தில் கொடுத்துப் புஷ் அடிப்பதுதான் வழி.

கிராங்க், பேரிங், சீல்

கிளட்ச் பக்கம் 25 × 62 × 12 மி.மீ. பால் பேரிங், மேக்னெட் பக்கம் ரோலர் பேரிங். இரண்டும் சி3 இடைவெளி கொண்டவையாக இருக்க வேண்டும். சாதாரண இடைவெளி பேரிங் இன்ஜின் சூட்டில் விரிந்து இறுகும்.

கிராங்கைப் பழையதே போடுவதானால் பிக் எண்டில் (ராடின் கீழ் முனையில்) மேலும் கீழும் ஆட்டம் கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. பக்கவாட்டு ஆட்டம் இருக்கலாம். சென்டரில் வைத்து டயல் கேஜால் சுற்றிப் பார்த்தால் ஓட்டம் 0.03 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். புது கிராங்க் வாங்கினாலும் இதை அளக்காமல் போடாதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்ததெல்லாம் நேராக இருக்கும் என்று நம்ப முடியாது. மசுக்கெல்லி போன்ற தயாரிப்பாளர்கள் இன்லெட் நேரத்தை நீட்டி வெட்டிய கிராங்கும் தருகிறார்கள். அதில் வால்வு மூடுவது மேல் மையத்துக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) பின் 65 டிகிரியைத் தாண்டினால், நகர வேகத்தில் கார்ப் துப்பும். டி.ஆர். கிட்டுக்கு ஒரிஜினல் வெட்டு கிராங்கே நிறைவாக வேலை செய்யும்.

கோர்க்கும் முறை:

1. பேரிங்கை முந்தின இரவே பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கவும். கேஸை 100–120 டிகிரிக்குச் சூடாக்கவும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று பொரிந்து ஓட வேண்டும். அந்தச் சூட்டில் பேரிங் தானாக விழுந்து உட்காரும். கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தால் வெளி ரேஸில் மட்டும் தள்ளவும்.

2. கேஸ் ஆறிய பின் கிளட்ச் பக்க சீலை (31 × 62.1 மி.மீ.) கிராங்க் இருக்கும் பக்கத்திலிருந்து நேராக அழுத்தவும். இந்த சீல் பேரிங்குக்கு உள்பக்கம் இருப்பதால், பின்னால் அதை மாற்ற வேண்டுமென்றால் முழு இன்ஜினையும் மறுபடி பிரிக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். முதல் சில விநாடி உலர்ந்து சுழன்றாலே உதடு கருகும்.

3. கிராங்கை ஃப்ரீசரில் குளிர வைத்து, பேரிங்கின் உள் ரேஸை மட்டும் சூடாக்கி, கிராங்கை நேராக இறக்கவும். பாதியில் நின்றால் மரை வைத்த இழுப்பான் போட்டு இழுக்கவும். சுத்தியலால் அடிக்கவே கூடாது. இந்தக் கிராங்க் இரண்டு சக்கரங்களைப் பின்னில் அழுத்திச் சேர்த்தது. ஒரு அடியில் சக்கரம் திரும்பிக் கிராங்கின் நேர் கெடும், பிறகு அந்தச் சக்கரமே ரோட்டரி பேடை அறுக்கும்.

மேக்னெட் பக்க சீலைக் கேஸைப் பிரிக்காமலே வெளியிலிருந்து மாற்றலாம்.

கியர்

கியர் விழுந்து விழுந்து வெளியே வரும் கோளாறுக்கு, முக்கியமாக இரண்டாவது கியரில், காரணம் நாலு கால் கொண்ட கியர் கிராஸ்தான். அதன் கால் முனைகள் கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கியர் சக்கரத்தின் உள் முனைகளும் உருண்டிருந்தால் புது கிராஸும் சீக்கிரம் போகும். எல்லாக் கியரையும் அச்சில் கோர்த்த பின் பக்கவாட்டு இடைவெளியை ஃபில்லர் கேஜால் பாருங்கள்: 0.15 முதல் 0.40 மி.மீ. அதிகமென்றால் கனத்த ஷிம் போட வேண்டும். பிரைமரி கியரின் ஸ்பிரிங்குகள் தளர்ந்து ஆடினால் புது செட் போட்டு ரிவெட் அடிக்க வேண்டும். 177-இன் இழுவையில் பழைய ஸ்பிரிங் உடைந்தால் துண்டு கியர்பாக்ஸுக்குள்தான் விழும்.

கேஸை மூடுதல்

கிளட்ச் பக்கப் பாதியைக் கீழே வைத்து, கிராங்க், கியர், கிளஸ்டர் (பல கியர்கள் ஒன்றாகச் சேர்ந்த துண்டு) எல்லாம் உட்கார்ந்த பின் மேல் பாதியை இறக்க வேண்டும். மூடுவதற்கு முன் கிக் பினியன், அதன் பின்னால் வரும் சின்ன ஸ்பிரிங், கிக்கர் முட்டும் ரப்பர் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்க்கவும். அதிகம் மறக்கப்படுவது அந்த ஸ்பிரிங். இல்லையென்றால் கிக்கர் வழுக்கும், மறுபடி பிரிப்பதைத் தவிர வழியில்லை.

பேக்கிங்கில் இரு பக்கமும் மிக மெல்லிய படலமாக சீலன்ட் போதும். பிதுங்கி உள்ளே விழும் சீலன்ட் துண்டு ரோட்டரி வாயிலோ ஆயில் துவாரத்திலோ போய் உட்காரும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, குறுக்கும் நெடுக்குமாக, மூன்று தவணையில் இறுக்குங்கள். ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள்; நட்டு இழுத்துச் சரியாக்கிவிடும் என்று நினைக்கக் கூடாது. போர் வாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பேக்கிங்கைப் பிளேடால் சமமாக வெட்டிவிடுங்கள்.

இறுக்கும் அளவுகள், நியூட்டன் மீட்டரில்:

கேஸ் நட்டு: 13–15
ஹெட் நட்டு: 13–18
கார்ப் போல்ட்: 16–20
கிளஸ்டர் அச்சு நட்டு: 30–35
கிளட்ச் நட்டு: 40–45
மேக்னெட் நட்டு: 60–65
ரியர் ஹப் நட்டு: 90–110

கிளட்ச்

புது கார்க் பிளேட்டை முந்தின இரவே கியர் ஆயிலில் ஊறப் போடுங்கள். உலர்ந்த கார்க் முதல் இழுப்பிலேயே கருகும். கெட்டியான ஸ்பிரிங்கை எல்லா இடத்திலும் ஒரே வகையாகப் போட வேண்டும். பி.எக்ஸ். 150-இல் கிளட்ச் கியர் 21 பல், பிரைமரி 68 பல். உங்கள் வண்டியில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். 22 பல் போட்டால் விகிதம் 3.24-இலிருந்து 3.09-க்கு இறங்கும், அதே ஆர்.பி.எம்.-இல் வேகம் சுமார் 5 சதவீதம் கூடும். ஊட்டி, ஏற்காடு என்று மலையில் அதிகம் ஓட்டுபவர் 21 பல்லிலேயே இருக்கலாம். லாக் வாஷரின் நாக்கை மடக்கிய பிறகே மூடியைப் போடுங்கள்.

கியர் ஆயில் 250 மி.லி., எஸ்.ஏ.இ. 30. கார் ஆயில்களில் உராய்வு குறைக்கும் மருந்து சேர்ந்திருக்கும். அதை ஊற்றினால் புது கிளட்ச்சும் வழுக்கும்.

போர், பிஸ்டன், ஸ்குவிஷ்

கிட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாதீர்கள். போர்ட் விளிம்புகளை விரலால் தடவுங்கள். கூர்மையாக இருந்தால் நைஸ் எமரி சுற்றிய விரலால் மெல்ல மழுக்குங்கள். ரிங் அந்த விளிம்பில்தான் மாட்டி உடைகிறது. பிறகு சோப்பு வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்காமல் வரும் வரை தொடருங்கள். கழுவி உலர்ந்ததும் 2டி ஆயில் தடவாவிட்டால் சில நிமிடத்திலேயே துரு பூக்கும்.

ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை அளக்கவும். 63 மி.மீ. போருக்கு 0.20–0.35 மி.மீ. குறைந்தால் நைஸ் அரத்தால் ராவலாம். பிஸ்டனில் உள்ள அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ரிங் வாய் போர்ட்டுக்குள் விரிந்து உடையும். லாக் மாட்டும்போது கேஸ் வாயைத் துணியால் அடைக்கவும். கீழே விழுந்த ஒரு லாக்குக்காக முழு இன்ஜினையும் பிரிக்க நேரும்.

இப்போது ஸ்குவிஷ், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி. இதை அளக்காமல் விடுவதே 177 வேலைகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. 2 மி.மீ. ஈயக்கம்பித் துண்டு இரண்டை, பிஸ்டன் பின் போகும் திசையில் இரு ஓரத்திலும் கிரீஸால் ஒட்டுங்கள். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து தப்பான அளவு காட்டும். பேஸ் பேக்கிங்கோடு போரையும் ஹெட்டையும் போட்டு, முழு டார்க்கில் இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, கம்பியை எடுத்து நசுங்கிய முனையை வெர்னியரால் அளக்கவும். 1.3 முதல் 1.5 மி.மீ. வேண்டும். 1 மி.மீ.-க்குக் கீழே போனால் சூட்டில் நீளும் ராடும் பிஸ்டனும் ஹெட்டைத் தொடலாம். 2 மி.மீ.-க்கு மேல் இருந்தால் ஓரத்துக் கலவை ஒழுங்காக எரியாமல் டக்டக்கென்று தட்டும், சூடு ஏறும். பேஸ் பேக்கிங்கின் கனத்தை மாற்றிச் சரிசெய்யலாம். பெரிய வித்தியாசமென்றால் ஹெட்டை லேத்தில் கடைய வேண்டும்.

பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துவாரம் வழியே சிரிஞ்சில் ஆயில் விட்டு நிரம்பும் அளவைக் குறித்தால் கம்ப்ரஷன் தெரியும். 20–21 மி.லி. என்றால் 177.7 சி.சி.க்கு விகிதம் 9.5-க்கும் 10-க்கும் இடையில். சாதாரண பெட்ரோலுக்கு அதற்கு மேல் வேண்டாம்.

இந்த இன்ஜினில் ஹெட் பேக்கிங் கிடையாது. உலோகத்தோடு உலோகம்தான் சேர்கிறது. தடித்த கண்ணாடி மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை வைத்து ஹெட்டை எட்டு வடிவில் தேய்த்தால் முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வர வேண்டும். பளபளக்கும் இடம் மேடு, கறுப்பு இடம் பள்ளம்.

பிளக் என்.ஜி.கே. பி7எச்எஸ், இடைவெளி 0.6 மி.மீ. பி7இஎஸ் என்பது 19 மி.மீ. நீள மரை, 150-இன் ஹெட்டுக்கு 12.7 மி.மீ. மரைதான். நீளமானதைப் போட்டால் 6 மி.மீ. உள்ளே நீட்டி பிஸ்டனை இடிக்கும். வேறு ஹெட் வாங்கியிருந்தால் மரை நீளத்தை அளந்த பிறகு பிளக் வாங்குங்கள்.

காற்றுக் கசிவுச் சோதனை

வண்டியில் ஏற்றும் முன் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். சைலன்சர் வாயையும் கார்ப் வாயையும் ரப்பர் வைத்த தகட்டால் அடைக்கவும். பிஸ்டனைக் கீழ் மையத்தில் நிறுத்தவும். அப்போது டிரான்ஸ்ஃபர் திறந்து கிராங்க் அறையும் போரும் ஒன்றாகும். பழைய பிளக்கின் உட்பகுதியை உடைத்தெடுத்து, குழாய் வைத்து, காற்று அடிக்கவும். பிரஷர் பார்க்கும் பி.பி. கருவியின் பம்பும் மீட்டருமே இதற்குக் கச்சிதம்: 300 மி.மீ. பாதரசம் என்பது 0.4 பார். அதற்கு மேல் ஏற்றினால் சீல் உதடு புரண்டுவிடும்.

ஆறு நிமிடம் முள் ஏறத்தாழ அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நுரையைப் பேஸ், ஹெட், கேஸ் இணைப்பு, மேக்னெட் சீல் என்று தடவிக்கொண்டே வாருங்கள். எங்கும் குமிழி இல்லையென்றால் கியர் ஆயில் ஊற்றும் துவாரத்தில் நுரைப் படலம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது உப்பினால் கிளட்ச் பக்க சீல் போய்விட்டது. மேசை மேல் இருக்கும்போதே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

மேக்னெட், டைமிங்

பாயின்ட் வைத்த பழைய மாடலுக்கு 12 வோல்ட் எலக்ட்ரானிக் செட் (மேக்னெட், ஸ்டேட்டர், சி.டி.ஐ., ரெகுலேட்டர்) போடலாம். ஆனால் மேக்னெட்டின் கூம்பும் கிராங்கின் கூம்பும் ஒரே அளவா என்று முதலில் பாருங்கள். பழைய எலக்ட்ரானிக் ஸ்டேட்டரில் ஒயரின் உறை நொறுங்கியிருக்கும். பச்சை, வெள்ளை, சிவப்பு மூன்றும் ஒன்றையொன்று தொட்டால் சூடானதும் இன்ஜின் நிற்கும், ஆறினால் ஸ்டார்ட் ஆகும். சந்தேகமிருந்தால் எல்லா ஒயரையும் மாற்றிவிடுங்கள்.

கூம்பில் எண்ணெய் ஒட்டியிருக்கக் கூடாது. தின்னரில் துடைத்து, வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தொட்டு மேக்னெட்டைக் கையால் சுற்றி இரு முகத்தையும் ஒட்டிப் பொருந்தச் செய்யுங்கள். மேக்னெட்டைப் பிடித்து நிறுத்துவது கூம்பின் இறுக்கம்தான். உட்ரஃப் கீ என்ற சின்ன அரைவட்டத் துண்டு இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே. கூம்பு வழுக்கினால் கீ அறுந்து, டைமிங் மாறி, கிராங்கின் பள்ளமும் கிழியும்.

இந்தக் கிட்டுக்கு டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மேல் மையத்துக்கு 18 டிகிரி முன். 57 மி.மீ. ஸ்ட்ரோக், 105 மி.மீ. ராடுக்குப் பிஸ்டன் உச்சியிலிருந்து இறங்கும் அளவு: 17 டிகிரிக்கு 1.58 மி.மீ., 18-க்கு 1.76, 19-க்கு 1.96. பிளேட்டில் உள்ள குறியை மட்டும் நம்பாதீர்கள். பிளக் துவாரத்தில் பிஸ்டன் தடுப்பு வைத்து இரு பக்கமும் சுற்றி உண்மையான மேல் மையத்தைக் கண்டுபிடித்து, டிகிரி தகட்டோடு ஸ்ட்ரோப் லைட் அடித்துப் பாருங்கள். பவர் வேண்டும் என்று 21, 22-க்கு முன்தள்ளினால் பிஸ்டன் தலை உருகும்.

ஃபேன் கவரும் போரின் மேல் மூடியும் காற்றைத் துடுப்புகளுக்கு அனுப்புபவை. உடைந்த மூடியோடு 177-ஐ ஓட்டக் கூடாது.

கார்புரேட்டர்

எல்.எம்.எல்.-இல் இருக்கும் ஸ்பாகோ, டெல்லோர்டோ எஸ்.ஐ. 20/20-இன் வடிவமே. முதலில் அதையே வைத்து ஓட்டிப் பாருங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. இழுவை நன்றாக வரும், பெட்ரோலும் மிச்சம். 150-க்கு இருந்த 100 மெயின் ஜெட்டில் மட்டும் ஓட்டிவிடாதீர்கள். 110-இல் தொடங்கிப் படிப்படியாக இறங்குங்கள். பெரும்பாலும் 102–108-இல் நிற்கும். 160 ஏர் ஜெட், பி.இ.3 குழாய், 48/160 ஸ்லோ ஜெட் அப்படியே இருக்கலாம். 24/24 கார்ப் போட்டால் மெயின் 122-இல் தொடங்கி 116–120 பக்கம் வரும், ஸ்லோ ஜெட் 55/160.

ஜெட் எண் என்பது துவாரத்தின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. பெட்ரோல் போவது பரப்பளவைப் பொறுத்தது. அதனால் 100-ஐ 104 ஆக்கினால் விட்டம் 4 சதவீதம்தான் கூடும், பெட்ரோல் 8 சதவீதம் கூடும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்றோடு சேர அளவு அதிகம் தேவை. பழைய பட்டியல்களில் பார்க்கும் எண்ணுக்கு மேல் மூன்று, நான்கு கூட்டித் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

எந்த ஊரில் ஜெட் செட் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியில் காற்று மெலிந்திருக்கும். அங்கே கச்சிதமாக ஓடும் ஜெட் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் பட்டினி ஜெட் (பெட்ரோல் போதாத ஜெட்) ஆகிவிடும். எப்போதும் சமவெளியில் செட் செய்யுங்கள். மலையில் கொஞ்சம் கொழுத்து (பெட்ரோல் கூடி) ஓடினால் பாதகமில்லை.

கார்ப் போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் அடிப்பகுதி வளைந்து ஸ்லைடு மாட்டிக்கொள்ளும், ஆக்ஸிலேட்டர் திரும்பாது.

முதல் 500 கிலோமீட்டர்

முதல் நாள்: ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம், ஹெட் கை வைக்க முடியாத சூடு வந்ததும் அணைத்து, முழுக்க ஆறவிடுங்கள். மூன்று முறை இப்படிச் செய்து, ஆறிய நிலையில் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள்.

முதல் டேங்க் 3 சதவீதம் ஆயில், அதாவது 5 லிட்டருக்கு 150 மி.லி.; பிறகு 2 சதவீதம், 100 மி.லி. ஜே.ஏ.எஸ்.ஓ. எஃப்.சி. அல்லது எஃப்.டி. தர ஆயிலாக இருக்கட்டும். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். நாலாவது கியரில் திணறவிடுவதும் முழுத் திராட்டிலில் நீளமாகப் பிடிப்பதும் ஒரே அளவு கெடுதல். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி இன்ஜின் பிரேக்கில் வராதீர்கள். பெட்ரோலோடுதான் ஆயில் வருகிறது, அது நின்றால் போர் காயும். கிளட்ச்சைப் பிடித்து அவ்வப்போது ஒரு முறுக்கு கொடுத்தால் போதும்.

500 கி.மீ. முடிந்ததும் நேர் ரோட்டில் மூன்றாவது கியர், முழுத் திராட்டில், ஒரு கிலோமீட்டர் பிடித்து, கிளட்ச் அழுத்தி இன்ஜினை அணைத்து ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள் பீங்கான் காப்பிப்பொடி நிறம் சரி. வெளுத்திருந்தால் மெயின் ஜெட் இரண்டு எண் மேலே, ஈரக் கறுப்பென்றால் இரண்டு கீழே. முழுத் திராட்டிலில் பரபரவென்று அடைத்து ஓடினால் அதுவும் கொழுப்பின் அடையாளம்.

கோளாறும் காரணமும்

ஆக்ஸிலேட்டரை விட்டும் ஆர்.பி.எம். இறங்காமல் தொங்கினால் மேக்னெட் பக்க சீல் அல்லது பேஸ் பேக்கிங் காற்று இழுக்கிறது. அப்படியே தொடர்ந்து ஓட்டினால் சீஸ்தான். வெளுத்த புகை அடர்ந்து வந்து, கியர் ஆயில் அளவும் குறைந்தால் கிளட்ச் பக்க சீல். கியர் ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தாலும் அதே சீல்தான்.

பிஸ்டனில் நான்கு மூலையிலும் செங்குத்தாகத் தேய்ந்த கோடு இருந்தால் சரியாகச் சூடேறும் முன் முறுக்கியிருக்கிறார்கள், அல்லது போர் இடைவெளி குறைவு. சைலன்சர் பக்கம் மட்டும் அப்பியிருந்தால் பட்டினி ஜெட், அல்லது டைமிங் முன்னே போயிருக்கிறது. பிஸ்டனை மாற்றும் முன் கசிவுச் சோதனையை மறுபடி செய்து, ஸ்ட்ரோப் அடித்து, ஜெட்டைக் கழற்றி அதன் எண்ணைப் படியுங்கள். லேசான சீஸ் என்றால் போரில் ஒட்டிய அலுமினியத்தை காஸ்டிக் சோடா கரைசல் தொட்டு எடுத்து, ஹோனிங் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டால் வார்ப்பிரும்பு போர் மறுபடி ஓடும். காஸ்டிக் சோடாவைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியக் கேஸில் ஒரு சொட்டும் படாதபடி, போரைக் கழற்றித் தனியாக வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.